பட்டாளத்துத் தாத்தா போர்க்கைதியாக இருந்தாரா? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டாம் உலகப் போருக்குப் போன ஒருவர் இருப்பார். அல்சூர் ஏரியோரத்து மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில், அன்றைய வழக்கில் மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸில், சேர்ந்தவராக இருக்கலாம். வேறு பட்டாளமாகவும் இருக்கலாம். "சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட மாட்டிக்கிட்டார்" என்ற ஒரு வரிக்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் வாய் திறந்திருக்க மாட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன நடந்திருக்கும், எங்கே தேடலாம் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

சண்டையே போடாமல் சரணடைந்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. இடைப்பட்ட 70 நாளும் ஜித்ரா, கம்பார், ஸ்லிம் ஆறு என்று இந்தியப் பட்டாலியன்கள் சண்டையிட்டுக்கொண்டேதான் தெற்கே நகர்ந்தன. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்புக்கு டாங்கி கிடையாது. சிப்பாய்களில் பலர் டாங்கியை முதன்முதலில் பார்த்ததே அது தங்களை நோக்கி வந்தபோதுதான். போதாக்குறைக்கு, புதிதாகத் தொடங்கிய பட்டாலியன்களுக்காக அனுபவமுள்ள ஹவில்தார்களையும் நாயக்குகளையும் பிரித்து அனுப்பிவிட்டு, சில மாதப் பயிற்சி மட்டுமே பெற்ற பையன்களைக் கொண்டு அந்த இடங்களை நிரப்பியிருந்தார்கள்.

சரணடையும் முடிவை எடுத்தவர் மலாயாவில் பிரிட்டிஷ் தரப்புப் படைத் தலைவராக இருந்த லெஃப்டினன்ட் ஜெனரல் பெர்சிவல். புக்கிட் திமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்தானது. சிப்பாய்க்கு வந்து சேர்ந்தது "ஆயுதத்தைக் கீழே வை" என்ற உத்தரவு மட்டும். இதை வீட்டுப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல தாத்தாக்கள் வாயை மூடிக்கொண்டதற்கு, "பிடிபட்டவன்" என்று ஊர் பேசும் என்ற கூச்சமும் ஒரு காரணம்.

சேப்பர் என்றால் பாலம் கட்டுகிறவர்தானே? அவர் எப்படி எதிரி கையில் சிக்குவார்?

படை முன்னேறும்போது சேப்பர் பாலம் கட்டுவார், கண்ணிவெடி எடுப்பார். பின்வாங்கும்போது அதே ஆள் பாலத்தைத் தகர்க்க வேண்டும். அதனால் ஆற்றங்கரையைக் கடைசியாக விட்டுப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு ரயில் பாலத்தைத் தகர்ப்பதென்றால், முக்கிய உத்தரங்களில் வெடிமருந்துக் கட்டிகளை இடைவெளி இல்லாமல் ஒட்டக் கட்ட வேண்டும். இடைவெளி விட்டால் வெடியின் வேகம் காற்றில் போய்விடும், இரும்பு வளையும், அறாது. கட்டிக்குள் பிரைமர், அதற்குள் டெட்டனேட்டர், அங்கிருந்து கரைக்கு மின்கம்பி. கம்பி அறுந்தால் உதவ இரண்டாவதாக ஒரு திரி. திரி நிமிடத்துக்குச் சுமார் 2 அடி எரியும். எவ்வளவு நேரம் வேண்டுமோ அதற்கேற்ப வெட்டிக்கொள்வார்கள்.

பிசகு பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, குண்டு விழுந்தோ எதிரி முந்திக்கொண்டோ கம்பி அறுபடுவது. 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் ஆற்றில் ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன் சாலையோடு புகுந்து, தகர்க்கத் தயாராக இருந்த பாலத்தை முழுசாகவே பிடித்துக்கொண்டன. இன்னொன்று, நேரக் கணக்கு. சீக்கிரம் தகர்த்தால் சொந்த ஆட்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள். பர்மாவில் சிட்டாங் பாலத்தை 1942 பிப்ரவரி 23 அதிகாலையில் தகர்த்தபோது 17ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி அக்கரையில் நின்றுவிட்டது. நீந்தத் தெரிந்தவர்கள் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஆற்றில் குதித்தார்கள். மற்றவர்களில் நிறையப் பேர் மூழ்கினார்கள் அல்லது கைதியானார்கள்.

முன்னேறும் படையிலும் ஆபத்து குறைவில்லை. இத்தாலியில் ஜெர்மானியர் புதைத்த எஸ் வகைக் கண்ணிவெடி, மிதித்த சில நொடியில் இடுப்பளவு எகிறி, நூற்றுக்கணக்கான இரும்பு குண்டுகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே அப்படி ஒரு வெடி மிதிபட்டபோது, மெட்ராஸ் சேப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மூடி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டார். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர் அவர்.

எங்கள் தாத்தா சயாம் மரண ரயிலில் வேலை செய்தார் என்று சொல்வோம். சரியா?

பட்டாளத்துக்காரராக இருந்திருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்காது. சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா இடையே சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்தப் பாதை 1942 பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ எல்லோரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க வீரர்கள். அங்கே செத்த தமிழர்கள் பட்டாளத்துக்காரர்கள் அல்லர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லியும் பலவந்தமாகவும் ஏற்றிப் போன தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். போர்க்கைதிகளுக்காவது பெயர்ப் பட்டியலும் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் அவர்கள் சாவு கணக்கிலேயே வரவில்லை.

தாத்தா மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்தவரா, பட்டாளத்துச் சம்பளம் வாங்கியவரா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. கீழே வருவது பட்டாளத்துக்காரர்களுக்கானது.

அப்படியானால் சிங்கப்பூரில் பிடிபட்ட சிப்பாயை எங்கே கொண்டுபோனார்கள்?

1942 பிப்ரவரி 17 அன்று இந்திய வீரர்களை வெள்ளைக்காரர்களிடமிருந்து பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். சுமார் 45,000 பேர். அங்கே கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். அந்த முதல் படை 1942 டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மறுபடி உயிர்பெற்றது.

சேராதவர்களில் ஒரு பகுதியினர் மலாயாவிலேயே விமானத்தளம், துறைமுகம், கிடங்கு என்று வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் நியூ கினி, நியூ பிரிட்டன் முதலிய தென் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பினார்கள். நம் வீடுகளில் "ஏதோ தீவுக்குக் கொண்டுபோனான்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அந்தக் கப்பல்களில் கைதிகள் இருப்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் இருக்காது. 1943 ஜனவரி 26 அன்று புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியது. அதில் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள். 195 பேர் இறந்தார்கள். நியூ கினியின் வேவாக் பகுதிக்கு 1943இல் கொண்டுபோன சுமார் 3,000 பேரில் 1945இல் உயிரோடு மிஞ்சியது மிகச் சிலரே. சாமான் ஏற்றி இறக்குவது, ஓடுதளம் போடுவது, மேலிருந்து நேசநாட்டு விமானங்கள் குண்டு போடுவது, பிறகு ஜப்பானியருக்கே உணவு வராமல் போனது என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. நியூ பிரிட்டனின் ரபவுல் பக்கம் ஆயிரக்கணக்கில் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஜெர்மனி, இத்தாலி முகாம் என்றால்?

வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர்கள் அங்கே போனார்கள். நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. இத்தாலியில் அவெத்சானோ, ஜெர்மனியில் அன்னாபுர்க், பிரான்ஸில் எபினால் ஆகிய முகாம்களில் இந்தியர்கள் இருந்தார்கள். செஞ்சிலுவைப் பொட்டலம் வந்தது. இந்தியர்களுக்கென்றே ஆட்டா, நெய், பருப்பு, மசாலாப்பொடி வைத்துக் கட்டினார்கள். 1944 மே 11 அன்று எபினால் முகாம்மீது அமெரிக்க விமானங்களின் குண்டு விழுந்து சுவர் உடைந்தது. தப்பியோடிய இந்தியர்களில் சுமார் 500 பேர் சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டார்கள். வீட்டில் யாராவது "சுவிஸ்" என்று சொல்லியிருந்தால் அதைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஜப்பானிய முகாமில் ஆட்களைக் கொன்றது அடியா, பசியா?

இரண்டும்தான். ஆனால் எண்ணிக்கையில் பசியும் நோயும் முந்தின. ஜப்பான் 1929 ஜெனிவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தும் அதை உறுதிசெய்யவில்லை. கைதிக்குத் தன் தளப்படை வீரருக்குக் கொடுக்கும் அளவு உணவு தர வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. முகாமில் கிடைத்தது தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது.

தீட்டிய அரிசியில் வைட்டமின் பி1 ஏறக்குறைய இல்லை. உடம்பில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கு மேல் வராது. அதற்குப் பிறகு பெரிபெரி. ஒரு வகையில் பாதம் மரத்து எரியும், நடை தள்ளாடும். இன்னொரு வகையில் கால் வீங்கும்; முன்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கும்; வீக்கம் மேலேறி, இதயம் தளர்ந்து, ஆள் திடீரென்று போய்விடுவார்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மலாயாவில் 1900களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள்: வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி வந்தது, புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. முகாமில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. விவரம் தெரிந்த மருத்துவர்கள் கோழிக்கும் பன்றிக்கும் போடும் தவிட்டைக் கெஞ்சி வாங்கிக் கஞ்சியில் கலந்தார்கள். பச்சைப்பயறு கிடைத்தால் முளைகட்டினார்கள்; முளையில் வைட்டமின் சியும் சேரும், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வியையும் அது தடுக்கும். தவிட்டில் தப்பு எங்கே நடக்கும் என்றால், ஈரம் பட்ட தவிடு சீக்கிரம் காறிப்போகும். நிறைய தின்றால் வயிறு போகும், சீதபேதிக்காரருக்கு அதுவே எமன்.

தண்ணீரைக் கொதிக்கவைப்பது, சாப்பாட்டுத் தகரத்தைக் கொதிநீரில் முக்கிய பிறகே சோறு வாங்குவது, மலக்குழியைக் குடிநீருக்குத் தள்ளி ஆழமாகத் தோண்டி மூடுவது: காலரா வந்த முகாமில் இவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் பிழைத்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவின் பெரும்பகுதி விளைந்த ஜாவா ஜப்பான் கையில்தான் இருந்தது. இருந்தும் கைதிகளுக்கு அது போதிய அளவு கிடைக்கவில்லை.

விடுதலையான பிறகு வயிறாரச் சாப்பிட்டுச் செத்தார்கள் என்பது கட்டுக்கதையா?

இல்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குச் சோறும் சர்க்கரையும் ஒரேயடியாகப் போனால், இன்சுலின் சட்டென ஏறி, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுபட்டுவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை சோரும். சிறிது சிறிதாகவும் அடிக்கடியும் கொடுத்து, வைட்டமின் பி1ஐ உணவுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

தாத்தாவுக்குக் கடைசிவரை கால் எரிச்சல், அரிப்பு இருந்தது. முகாமோடு தொடர்பு உண்டா?

இருக்கலாம். பெரிபெரியால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாமல் போவதுண்டு. அரிப்புக்கு ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு காரணமாக இருக்கலாம். வெறுங்கால் வழியாக ஏறி, உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். தூரகிழக்குப் போர்க்கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்களிடம் பல பத்தாண்டுகள் கழித்தும் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரிலும் பரவலாக உள்ள புழு என்பதால், இதை மட்டும் வைத்து முகாம் என்று முடிவு கட்ட முடியாது. தூக்கத்தில் அலறுவது, கதவுப் பக்கம் முதுகு காட்டாமல் உட்காருவது போன்றவற்றையும் குறித்துவையுங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர் முடிந்ததும் திரும்பிய கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்தார்கள். வெள்ளை என்றால் விசுவாசமானவர். பழையபடி பணியில் இருக்கலாம். சாம்பல் என்றால் பேச்சில் மயங்கிப் போனவர், பணியிலிருந்து விடுவித்தார்கள். கறுப்பு என்றால் டிஸ்மிஸ், சம்பள பாக்கியும் போச்சு. ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் தேதி 1945 கடைசி, 1946 என்று இருந்தால் காரணம் எழுதிய இடத்தை நிதானமாகப் படியுங்கள். 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷன் கேட்டு அவரோ பாட்டியோ மனு கொடுத்திருந்தால் அந்தக் கோப்பே பெரிய ஆதாரம். டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் உள்ளன. அதன் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

சேராதவரும் சேர்ந்தவரும் ஒரே குடும்பத்தில் இருந்ததுண்டு. இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள் நம் ஆட்கள். தேடுகிறவர் எந்த விடை வந்தாலும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் எதைத் தேடுவது?

டிஸ்சார்ஜ் தாள், சம்பளப் புத்தகம், பென்ஷன் புத்தகம், முத்திரை குத்திய கடிதங்கள். இவற்றில் வேண்டியது ராணுவ எண். பெயரைவிட அதுதான் பயன்படும்.

தாள் எதுவுமே இல்லை, மெடல் மட்டும் இருக்கிறது என்றால் ரிப்பன் நிறத்தைப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கோடும் ஓரத்தில் சிவப்பும் உள்ள கரும்பச்சை ரிப்பன் பசிபிக் ஸ்டார். மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங்கில் சண்டையிட்டவர்களுக்கும் அதுதான். கருநீலத்தில் நடுவே சிவப்பு, இருபுறம் ஆரஞ்சு என்றால் பர்மா ஸ்டார். வெளிர்மஞ்சளில் நடுவே சிவப்பு என்றால் ஆப்பிரிக்கா ஸ்டார். முதல் உலகப் போரின் வட்ட மெடல் என்றால் விளிம்பைப் பாருங்கள். எண், பெயர், பட்டாளம் எல்லாம் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.

ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எப்படி எழுதுவது?

ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் தனி ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் உண்டு. சேப்பர் என்றால் பெங்களூரிலேயே இருக்கிறது, மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ரெக்கார்ட்ஸ். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: ராணுவ எண், பெயர், ரேங்க், கம்பெனி, அப்பா பெயர், கிராமம், தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த வருடம், விடுபட்ட வருடம், பென்ஷன் எண் இருந்தால் அதுவும். நீங்கள் என்ன உறவு என்பதற்குச் சான்று, இறப்புச் சான்றிதழ் நகல் இணையுங்கள். ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அசலை அனுப்பவே கூடாது.

"ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். பென்ஷன் இல்லாதவர்களின் கோப்பை 25 வருடத்துக்குப் பிறகு அழிப்பது வழக்கம். ஆனால் லாங் ரோல் என்ற பேரேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். "லாங் ரோலில் உள்ள பதிவின் விவரம் வேண்டும்" என்று அந்தச் சொல்லைப் போட்டே மறுபடி எழுதுங்கள். உலகப் போர் வீரர்களுக்கோ அவர்கள் மனைவிக்கோ மாநில அரசு தரும் உதவித்தொகையைப் பாட்டி வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கோப்பு இருக்கும்.

பெயர் கிடைக்கவே இல்லை. என்ன செய்வது?

எழுதியவர் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். ஒரே முனுசாமி, முனிசாமி, மூனிசாமி, முனுஸ்வாமி என்று நாலு விதமாக இருப்பார். இனிஷியல் இருக்காது. தேடும்போது பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டு, அப்பா பெயராலும் ஊராலும் வடிகட்டுங்கள்.

மாவட்டமும் மாறியிருக்கிறது. இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அன்று வட ஆற்காடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலம். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

அவர் திரும்பி வரவே இல்லை. கல்லறை எங்கே?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் இருக்கும். மலாயாவில் காணாமல் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில், 24,000க்கும் மேற்பட்ட பெயர்களுக்கிடையே இருக்கின்றன. எரியூட்டப்பட்ட இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் கல்லறை இராது. அங்கேயே தனித் தகன நினைவிடம் உண்டு. நியூ கினித் தீவுகளில் இறந்தவர்களுக்கு லே, ரபவுல் கல்லறைத் தோட்டங்களைப் பாருங்கள். பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி ஆதாரத்தோடு எழுதினால் பரிசீலிப்பார்கள்.

வெளிநாட்டு ஆவணங்கள் ஏதாவது?

ஜெனிவாவில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு முதல் உலகப் போர்க் கைதிகளின் அட்டைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. இரண்டாம் போருக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும், அதையும் வருடத்தில் சில நாட்கள் மட்டுமே ஏற்பார்கள். தீவுகளுக்குப் போனவர்களுக்கு ஆஸ்திரேலியா மிக முக்கியம். போர்க்குற்ற விசாரணைகளில் இந்தியக் கைதிகள் கொடுத்த வாக்குமூலங்கள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மீட்கப்பட்ட நாளில் எடுத்த படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் பெயர் இல்லாவிட்டாலும் அவர் கம்பெனிக்காரர் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கலாம்.

பெங்களூரில் கைதி முகாம் இருந்ததாமே?

இருந்தது, ஆனால் அவர்கள் இத்தாலியர்கள். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு 1941இல் வந்தவர்கள். ஜாலஹள்ளிப் பக்கத்து முகாம் பற்றிய வீட்டுக் கதைகளில் வரும் "வெள்ளைக்காரக் கைதி" அவர்தான்.

தாத்தா போய்விட்டார். பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் எதைக் கேட்பது?

சண்டையைப் பற்றிக் கேட்டால் "தெரியாதுப்பா" என்று முடித்துவிடுவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். தட்டில் பருக்கை விடுவாரா, எதைத் தொடவே மாட்டார், வடித்த கஞ்சியைக் கொட்ட விடுவாரா, ஜப்பான் வார்த்தை ஏதாவது வாயில் வருமா, எத்தனை மணிக்கு எழுவார், எந்த நண்பர் தீபாவளிக்கு வருவார். நண்பர் பெயர் கிடைத்தால் அதே கம்பெனியில் இன்னொரு ராணுவ எண் கிடைத்த மாதிரி. போனில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அரை மணிக்கு மேல் நீட்டாமல் இன்னொரு நாள் போங்கள். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் அவர்களாகவே தொடங்குவார்கள்.